களம்பூரில் இறங்கியவர்கள்

"அந்தக் கையக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே புஷ்பலதா அப்பாவின் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தாள். குணா மாமனாரின் வலது கையைப் பதமாகத் தூக்கினான். கை இன்னும் விறைக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் காபி கொண்டுபோய் எழுப்பியபோது மாணிக்கவேல் எழுந்திருக்கவில்லை. அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே போயிருக்கிறது, நல்ல சாவு என்று சொல்லிவிட்டுப் போய் அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

சட்டையை உருவும்போது பாக்கெட்டில் என்னமோ சரசரத்தது. விரலை விட்டு எடுத்தாள். ரயில் டிக்கெட். ஒன்றில்லை, பத்து. ஆரணி ரோட்டிலிருந்து கண்ணமங்கலத்துக்கு. எல்லாம் நேற்றுத் தேதி.

"கருமம்" என்றாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"நேத்து கோயிலுக்குப் போறேன்னுதானே சொன்னாரு?" என்றான் குணா.

"ஆமா, கோயிலு. களம்பூர் ஸ்டேஷன்தான் அவருக்குக் கோயிலு."

ஆரணியில் ரயில் கிடையாது. ஆரணி ரோடு என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அது இருப்பது களம்பூரில், பஸ்ஸில் அரைமணி நேரம். "பேரு நம்ம ஊரு பேரு, நிக்கிறது வேற ஊர்ல. இது இன்னா நாயம்?" என்பதுதான் மாணிக்கவேலின் வாழ்நாள் வழக்கு. அவர் ரயில்காரர்கூட இல்லை. அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். ஆரணி வந்துவிட்டது என்று நம்பி மூட்டை முடிச்சோடு களம்பூரில் இறங்கி முழிக்கிற ஜனங்களைத் தினமும் தன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து வந்து, அந்தக் கோபம் அவருக்குள் ஏறிவிட்டது. சர்வீஸில் இருக்கும்போதே நாலு பேரைச் சேர்த்து ஆரணி நகர ரயில் கோரிக்கைக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார். ஊருக்குள் ரயில் வரவேண்டும், அவ்வளவுதான். அதற்காக இருபத்து நாலு வருஷமாக மனு. "சோறு போடற பஸ்ஸுக்கே ஆப்பு வெக்கிறியேய்யா" என்று டிப்போவில் கிண்டல் செய்ததைக்கூட அவர் பெருமையாகத்தான் வீட்டில் வந்து சொல்வார்.

எப்போதோ ஒரு அதிகாரி, "அந்த ஸ்டேஷன்லயே கூட்டம் இல்லியே பெரியவரே" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் களம்பூருக்கு பஸ்ஸில் போய்ப் பத்து டிக்கெட் எடுப்பார். எடுத்துவிட்டு ரயில் ஏற மாட்டார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஏறினவர்கள் எத்தனை, இறங்கினவர்கள் எத்தனை என்று தலையை எண்ணி நோட்டில் எழுதுவார். கைக்குழந்தையையும் சேர்ப்பார்.

"கைக்கொழந்தைக்கு டிக்கெட்டே இல்லியேப்பா, அத்த ஏன் எண்றே?" என்று புஷ்பலதா ஒருதரம் கேட்டாள்.

"அதுவும் ஒரு தலைதான். அது வளந்து பெருசாவாதா?" என்றார்.

அது வளர்ந்து கிழவியானாலும் இங்கே ரயில் வராது என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் அன்றைக்கு விழுங்கிக்கொண்டாள். விழுங்கினது கொஞ்சமா நஞ்சமா? அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காகக் காலேஜ் படிக்கும் நாளிலிருந்து எல்லா மனுவும் அவள் கையால்தான். பரீட்சைக்கு முந்தின நாள்கூட "ஆரணி நகரப் பொதுமக்கள் பணிவுடன் சமர்ப்பிப்பது" என்று எழுதியிருக்கிறாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜித் தட்டு வருவதற்கு முன்னால் கையெழுத்துப் படிவம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேரில் ஆறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குணா மட்டும் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான். "தங்கமான பையன்" என்று அன்றே முடிவு செய்துவிட்டார் அப்பா. பையன் எங்கே வேலை செய்கிறான் என்று மறுநாள்தான் கேட்டார்.

டிக்கெட் பத்தையும் அப்பாவின் மஞ்சப்பைக்குள் திணித்து, பையைப் பீரோ மேல் எறிந்தாள்.

"இதோ பாருங்க. இன்னிக்கு ஒரு நாள் இந்த வூட்ல ரயில் பேச்சே வரக் கூடாது. யார் பேசினாலும் நான் சும்மா வுட மாட்டேன். இன்னிக்கு அவரு எனக்கு அப்பா. அவ்ளோதான். அப்பாவா எடுத்துகினு போங்க."

குணா சரி என்று தலையாட்டினான். அவன் எதற்கும் சரி என்று தலையாட்டுகிறவன்.

எட்டு மணிக்குப் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வந்து, அப்பாவை அதற்குள் படுக்கவைத்தார்கள். எதிர்வீட்டில் தறியை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் தெருவே வேறு தெருவாக இருந்தது. முதல் மாலையோடு வந்தவர் ஜெயச்சந்திரன். குழுவின் தலைவர், மருந்துக்கடைக்காரர். மாலையைப் போட்டார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், ஐந்து நிமிஷம் தலைகுனிந்து நின்றார். பரவாயில்லையே என்று புஷ்பலதா நினைக்கும்போதே பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, தப்பா நெனைக்காத. அந்த மஞ்சப்பை எங்க கீது?"

"இன்னாத்துக்கு?"

"இன்னிக்குத் திங்கக்கெழமம்மா. திருவண்ணாமலைல கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கற நாளு. ஆயிரத்தி எழுநூறு கையெழுத்து உள்ள கீது. உங்கப்பாதான் மூணு மாசமா அலைஞ்சி வாங்கினாரு. ஓடிப்போய்க் குடுத்துட்டு ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

புஷ்பலதா அவரையே பார்த்தாள். "உங்க தோஸ்து பொணமாக் கெடக்கறாரு. நீங்க பையக் கேக்கறீங்க."

"அவரு இருந்தா அவரே போயிருப்பாரும்மா."

"அவரு இல்லியே!" அவள் கத்தியதில் பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஒரு நாள், ஒரே ஒரு நாளு, எங்க அப்பாவ எனக்கு வுடுங்க சார்."

ஜெயச்சந்திரன் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். போய்த் தொலையவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் யாருக்கோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்பது பதினோரு மணிக்குத் தெரிந்தது.

பதினோரு மணிக்கு அப்பாவின் தங்கை அம்மணி அத்தை வந்தவாசியிலிருந்து வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே அவள் ஓலம் கேட்டது. தலைவிரி கோலமாக ஓடிவந்தவள் ஐஸ் பெட்டியை நெருங்காமல் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ எங்கண்ணா! இப்பிடியா உனக்கு சாவு வரணும்! யம்மா புஷ்பா, நான் பாக்கலாமா? மூஞ்சி முழுசா கீதா? ஒடம்பெல்லாம் ஒண்ணா கீதா?"

"இன்னா அத்தை பேசற? தூக்கத்துல போயிட்டாரு."

"எங்கிட்ட மறைக்காதடி. முனையில போர்டே போட்டு கீறாங்களே, ரயில்ல அடிபட்டாருன்னு!"

புஷ்பலதா செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினாள். கரண்டு கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் பத்தடி பிளெக்ஸ் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. நடுவில் அப்பாவின் கண்டக்டர் காலத்துப் படம். அவர் முதுகுக்குப் பின்னால், சரியாக அவர் மேல் ஏறப்போகிற மாதிரி, முகத்தில் விளக்கெரிய ஒரு ரயில் எஞ்சின். கீழே 'ரயிலுக்காக உயிர் நீத்த செம்மல்' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஏழு கோரிக்கைகள்.

"ரயிலே இல்லாத ஊர்ல எங்கப்பா ரயில்ல அடிபட்டுச் செத்தாரா! அட தூ! மூளை கீதா உங்களுக்கு?"

பின்னாலேயே ஓடிவந்த ஜெயச்சந்திரன், "எஞ்சின் படம் அந்த டிசைன் போடற பையன் சேத்துட்டான்மா, நான் அஞ்சலின்னுதான் சொன்னேன்" என்றார். ஏழு கோரிக்கையையும் அந்தப் பையனா சேர்த்தான் என்று அவள் கேட்கவில்லை. மரத்துப் பக்கக் கயிற்றை அவளே பல்லால் கடித்து அவிழ்த்தாள். கம்பத்துப் பக்கத்தை ஜெயச்சந்திரன் அவிழ்த்தார். பிளெக்ஸ் தொப்பென்று விழுந்தது. அதற்குள் எத்தனை பேர் பார்த்துவிட்டார்களோ, அன்று முழுக்க வந்தவர்களில் பாதிப்பேர் ஐஸ் பெட்டிக்குள் முதலில் கால் இருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி பிரபாகரனிடமிருந்து போன் வந்தது. பெங்களூரில் வேலை. காலை ஐந்தரைக்கே தகவல் சொல்லியாயிற்று, கிளம்பிவிட்டேன் என்றும் சொல்லிவிட்டான். கார் வைத்திருக்கிறவன். இந்நேரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"எங்கடா கீற? வேலூர் தாண்டிட்டியா?"

"காட்பாடியில கீறேன்கா. ஸ்டேஷன்ல."

"ஸ்டேஷன்ல உனுக்கு இன்னா வேலை? கார் ரிப்பேரா?"

"கார் எடுத்துகினு வரல. ரயில்ல வந்தேன். நான் படி எறங்கறதுக்குள்ள ஆரணி ரோடு வண்டி போயிடுச்சு. அடுத்தது மூணு மணிக்கு மேலதானாம்."

"டேய், வெளிய வந்து பஸ் ஏறுடா! கண்ணமங்கலம் வழியா வந்தா ஒரு மணிக்கெல்லாம் வூட்ல இருப்ப."

அவனுக்குப் பின்னால் ஏதோ அறிவிப்பு கேட்டது.

"ஆரணி ரோட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்கா" என்றான் கடைசியில்.

"கிழிச்சிப் போடு! செத்த அன்னிக்குமாடா ரயிலு?"

"அக்கா, பொங்கலுக்கு இன்னா நடந்துச்சின்னு உனுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? அவள் வீட்டு வாசலில்தானே நடந்தது. வருஷக்கணக்காக அப்பா அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஊருக்கு வந்தால் ரயிலில் வா, ஆரணி ரோட்டில் இறங்கு, ஒரு தலை கூடும். பொங்கலுக்குப் புதுக் காரில் வந்து இறங்கினான். அப்பா வாசலுக்கு வந்து காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "டிக்கெட் எங்கடா?" என்றார் கண்டக்டர் மாதிரி. "உனுக்குப் புள்ள வேணுமா, டிக்கெட்டு வேணுமா?" என்று இவன் கத்தினான். கரும்பைக்கூட இறக்காமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

உயிரோடு கேட்டபோது வராதவன் இப்போது வருகிறான் ரயிலில். அப்பனுக்கு ஏற்ற பிள்ளை. அவள் போனை வைத்துவிட்டாள்.

காரியத்தை முன்னின்று நடத்துகிற சித்தப்பா சின்னதுரைக்கு இதை எப்படிச் சொல்வது? "வந்துகினு இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். ஒரு மணிக்கும் அதையே சொன்னாள். மூன்று மணிக்கும் அதையே சொன்னாள். சித்தப்பா வாட்சைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"புஷ்பா, பேஜார் பண்ணாத. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும். அஞ்சரை வரைக்கும் பாப்பேன். வரலன்னா எங்க அஜித்குமாரு கொள்ளி வெக்கட்டும். அவனும் புள்ளைதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தம்பி வருவதற்குள் அப்பாவை எடுத்துவிட்டால், பொங்கல் அன்று கத்தினதுதான் அவன் அப்பாவிடம் பேசின கடைசிப் பேச்சு என்று ஆகிவிடும். ஆயுசுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு திரிவான். மடையன். ஒரு டிக்கெட்டுக்காக.

நாலேமுக்காலுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டினார்கள். புது வேட்டி, புதுச் சட்டை. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். அஜித்குமார் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து நின்றான். சங்கு ஊதுகிறவர் எழுந்து நின்றார். சித்தப்பா அவளைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் சித்தப்பா" என்றாள்.

"அத்தையே சொல்லிகினு இருக்க."

"அஞ்சே நிமிஷம்."

கண்ணீர் வரவில்லை அவளுக்கு. காலையிலிருந்தே வரவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் தம்பியைத் திட்டிக்கொண்டு நின்றாள். ஜெயச்சந்திரன் எங்கே என்று பார்த்தாள். மனு கொடுக்கவும் போகவில்லை மனிதர், மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. சுருட்டிய பிளெக்ஸை, படம் உள்பக்கமாக இருக்கும்படி, மடியில் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தார்.

ஐந்தரை தாண்டிப் பத்து நிமிஷம் கழித்து ஒரு ஆட்டோ தெருமுனையில் வந்து சடக்கென்று நின்றது. பிரபாகரன் இறங்கி ஓடிவந்தான். சட்டையெல்லாம் வேர்வை. பந்தலுக்குள் வந்ததும் கால் ஓட்டம் தானாக நின்றுவிட்டது. பாடை பக்கத்தில் மெதுவாகப் போனான். வலது கையை நீட்டினான். விரலிடுக்கில் டிக்கெட்.

"அப்பா" என்றான். "ரயில்லதாம்பா வந்தேன்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். அதை வாங்கிப் பார்த்து ஓட்டை போடுகிற கை மாலைக்கு அடியில் கட்டிக் கிடந்தது.

"சரி சரி, ஜல்தி. போய் தண்ணி ஊத்திகினு வா" என்றார் சித்தப்பா.

புஷ்பலதா தம்பியின் கையிலிருந்து டிக்கெட்டைப் பிடுங்கினாள். அவனை அங்கேயே நாலு அறை விடவேண்டும் போல் இருந்தது. டிக்கெட் வேர்வையில் நமுத்துப் போயிருந்தது. தேதியைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள், விரலால் நீவி நேராக்கினாள். மாலைகளை விலக்கி அப்பாவின் புதுச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தாள்.

"சொன்னேன் இல்ல, இன்னிக்கு ரயில் பேச்சு வேணாம்னு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து வராத அழுகையை எல்லாம் அழுதாள். அம்மணி அத்தை வந்து கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றி முடித்து, மறுநாள் காலை பிரபாகரன் ஊருக்குக் கிளம்பினான். ரயிலில்தான். பஸ் என்று பேச்சை எடுக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஸ்கூட்டரில் அவளே களம்பூருக்குக் கொண்டுவந்து விட்டாள். முன்னால் கொக்கியில் அப்பாவின் மஞ்சப்பை தொங்கியது. திரும்பும் வழியில் அதை ஜெயச்சந்திரனிடம் கொடுத்துத் தலைமுழுகிவிட வேண்டும். இனி யாருக்கு வேண்டுமோ அவர்கள் எழுதட்டும், அவர்கள் அலையட்டும்.

பிரபாகரன் காட்பாடிக்கு ஒரு டிக்கெட் எடுத்தான். அவளும் கவுண்ட்டருக்குப் போனாள். உள்ளே இருந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்.

"பெரியவரு பையாச்சே இது? ஞாயித்துக்கெழமதானே வருவாரு. கண்ணமங்கலம் பத்தா?"

அவள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"வேணாங்க. பிளாட்பாரம் ஒண்ணு குடுங்க."

ரயில் வந்தது. தம்பி ஏறினான். "பெங்களூர் போனதும் போன் பண்றேன்கா" என்றான். சரி போ என்று கையை ஆட்டினாள். ரயில் போனபிறகும் அவள் கிளம்பவில்லை. இறங்கினவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அரிசி மில்லுக்குப் போகிறவர்கள், காலேஜ் பெண்கள் மூன்று பேர், தவிட்டு மூட்டையோடு ஒரு ஆள். கடைசியாக இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒருத்தி வந்து நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"யக்கா, ஆரணி கடைத்தெருவு எந்தப் பக்கம் போவணும்?"

"இது ஆரணி இல்லம்மா. களம்பூரு."

"போர்டுல ஆரணின்னு கீதே?"

"கீது" என்றாள் புஷ்பலதா. "வெளிய போய் எடப்பக்கம் நில்லு, பஸ்ஸு வரும். அரைமணி நேரம் ஆவும்."

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவளோடு சேர்த்துப் பதினேழு பேர். குழந்தை அம்மாவின் தோள் வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. புஷ்பலதா பெஞ்சில் உட்கார்ந்து மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அப்பாவின் கோணல் கையெழுத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இருந்தது. அதற்குக் கீழே முத்து முத்தான கையெழுத்தில் தேதி போட்டு, இறங்கியவர்கள் பதினெட்டு என்று எழுதினாள்.